மொபைல் ஸ்டூடண்ட் ஐடி ஃபோன்ல ஏத்தினா நாம எங்க போறோம்னு எல்லாம் யாருக்குத் தெரியும்?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவுக்கு எம்எஸ் படிக்கப் போறார், பிளாஸ்டிக் கார்டு தரமாட்டோம் ஃபோன்லதான் ஐடினு யூனிவர்சிட்டி மெயில் அனுப்பியிருக்கு, ஃபோன்ல ஏத்தினா நாம போற வர்ற இடமெல்லாம் ஆப்பிளுக்கும் கூகுளுக்கும் போயிடுமா, சண்டை போட்டாவது கார்டு வாங்கிக்கவானு கேட்டிருக்கார். நான் இங்க ஒரு யூனிவர்சிட்டியில இந்த ஐடி சிஸ்டத்தோட டேட்டாபேஸ் பக்கம்தான் வேலை பாக்குறேன், அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

ஃபோன்ல ஏத்துறதுக்கு பயப்படவே வேணாம். நீங்க கதவுல ஃபோன காட்டும்போது தகவல் ஃபோன்ல இருந்து ரீடருக்கு, ரீடர்ல இருந்து யூனிவர்சிட்டி சர்வருக்கு, அவ்ளோதான் பாதை, நடுவுல ஆப்பிள் சர்வர் வழியா எல்லாம் போறதில்ல. கார்டா இருந்தாலும் ஃபோனா இருந்தாலும் அந்த யூனிவர்சிட்டி சர்வர்ல ஒரே மாதிரிதான் பதிவாகும். அதனால கார்டு கேட்டு வாங்கினா ப்ரைவசி கிடைச்சிடும்னு நினைச்சீங்கன்னா அது நடக்காது.

சொல்லப்போனா பழைய கார்டுகதான் மோசம். இங்க ஒரு காலத்துல பல யூனிவர்சிட்டியில அரசாங்கம் குடுக்குற சோஷியல் செக்யூரிட்டி நம்பரே ஸ்டூடண்ட் நம்பரா இருந்துச்சு, அத கார்டு மேலயே அச்சடிச்சும் குடுத்தாங்க. கருப்பு பட்டை உள்ள கார்டுல நம்பர் அப்படியே பூட்டு எதுவும் இல்லாம கிடக்கும், ஒரு சின்ன மெஷின் இருந்தா யார் வேணாலும் காப்பி எடுக்கலாம். அப்புறம் கார்டுக்குள்ள வெச்சு வந்த மைஃபேர் கிளாசிக்ங்கற சிப்போட ரகசியத்த 2008ல நெதர்லாந்துல நைமேகன் யூனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் உடைச்சே காட்டிட்டாங்க. 2018 அக்டோபர்ல டியூக், அலபாமா, ஓக்லஹோமா மூணு யூனிவர்சிட்டியிலயும் ஐஃபோன் வாலட்ல ஸ்டூடண்ட் ஐடி வந்துச்சு, அப்புறம் ஆண்ட்ராய்டுலயும் வந்துச்சு. ஐஃபோன்ல இந்த ஐடி ஃபோனுக்குள்ள தனியா இருக்குற ஒரு செக்யூர் சிப்புல உக்காந்திருக்கும், ஒவ்வொரு தடவையும் ரீடரும் ஃபோனும் ஒண்ண ஒண்ணு சோதிச்சுட்டுதான் பேசும், நேத்து நடந்த பேச்ச ரெக்கார்ட் பண்ணி இன்னைக்கு போட்டுக் காட்டினா கதவு திறக்காது. ஃபோன் தொலைஞ்சா வெப்சைட்ல போய் அந்த ஐடிய மட்டும் உடனே நிறுத்திடலாம். சார்ஜ் தீர்ந்தா ரூமுக்கு வெளிய நிக்கணுமேனு எல்லாரும் கேப்பாங்க, ஐஃபோன் எக்ஸ்எஸ்ல இருந்து மேல உள்ள மாடல்கள்ல ஃபோன் அணைஞ்ச பிறகும் 5 மணி நேரம் வரைக்கும் இது வேலை செய்ய வாய்ப்பிருக்கு.

சரி இப்ப நான் உண்மையிலேயே கவலைப்படுற விஷயத்துக்கு வரேன். லாக். பூட்டு இல்ல, யாரு எப்ப எந்தக் கதவுல ஐடிய காட்டினாங்கனு சர்வர்ல விழுற பதிவு.

நீங்க ஒரு தடவ ரீடர்ல டேப் பண்ணினா டேட்டாபேஸ்ல ஒரு வரி விழும். கார்டு நம்பர், எந்த ரீடர், தேதி, மணி நிமிஷம் செகண்ட், அனுமதியா மறுப்பா. பாக்க ஒண்ணுமே இல்லாத வரி. ஆனா ஒருத்தரோட ஒரு செமஸ்டர் வரிகள வரிசையா அடுக்கிப் பாருங்க, ராத்திரி 11:47க்கு லைப்ரரி, 2:10க்கு ஹாஸ்டல், காலையில கிளாஸ் பில்டிங்ல ஆளே காணோம், மூணு வாரமா டைனிங் ஹால்ல சாப்பாடே இல்ல. அந்தப் பையனுக்கு என்னவோ சரியில்லனு அவன் அம்மாவுக்கு முன்னாடி இந்த டேட்டாபேஸுக்குத் தெரிஞ்சிடும்.

இது கற்பனை இல்ல. அரிசோனா யூனிவர்சிட்டியில பேராசிரியர் சுதா ராம் இத ஆராய்ச்சியாவே பண்ணினாங்க, 2018ல வெளிய வந்துச்சு. அங்க ஸ்டூடண்ட் கார்டு கிட்டத்தட்ட 700 இடத்துல பயன்படும், ஃபர்ஸ்ட் இயர் பசங்களோட மூணு வருஷ டேட்டாவ பேரெல்லாம் நீக்கிட்டு எடுத்து, யார் யார் ஒரே நேரத்துல ஒரே இடத்துல திரும்பத் திரும்ப கார்டு காட்டுறாங்கங்கறத வெச்சு யாருக்கு யார் ஃப்ரெண்ட், யாரோட வட்டம் சுருங்கிட்டே போகுது, யாரோட தினசரி பழக்கம் குலையுதுனு கண்டுபிடிச்சாங்க. யாரு படிப்ப விட்டுட்டுப் போவாங்கனு 85லிருந்து 90 சதவீதம் வரைக்கும் சரியா கணிக்க முடிஞ்சுது. நோக்கம் நல்லது, தனிமையில மாட்டிக்கிட்ட பசங்களுக்கு முன்கூட்டியே கை குடுக்கலாம்ங்கறதுதான். நான் அத மதிக்கிறேன். ஆனா கதவு திறக்கிறதுக்காக எடுத்த டேட்டா அது, அத வேற காரியத்துக்கு எடுக்கும்போது அந்தப் பசங்கள ஒரு வார்த்தை கேக்கணும்ங்கறது என் உறுதியான கருத்து.

சட்டம் காப்பாத்தாதானு கேப்பீங்க. இங்க 1974ல இருந்து மாணவர் பதிவுகளோட ப்ரைவசிக்காக ஃபெர்பானு ஒரு சட்டம் இருக்கு, வெளிநாட்டு மாணவர்களுக்கும் அது பொருந்தும், உங்களப் பத்தி வெச்சிருக்குற பதிவ காட்டுங்கனு கேட்டா 45 நாளுக்குள்ள காட்டணும். நல்ல சட்டம்தான், ஆனா ஓட்டை உண்டு. கதவு லாக எத்தன நாள் வெச்சிருக்கலாம்னு அது சொல்லவே இல்ல. யூனிவர்சிட்டி தன் வேலைய ஒரு வெளி கம்பெனிகிட்ட குடுத்தா, நேரடி கட்டுப்பாட்டுல வெச்சிருக்கணும்ங்கற நிபந்தனையோட, உங்க சம்மதம் இல்லாமலே டேட்டாவ குடுக்கலாம். மீறினாங்கன்னா நீங்க நேரா கேஸ் போட முடியாது, 2002ல சுப்ரீம் கோர்ட்டே அப்படி சொல்லிடுச்சு, கல்வித் துறைக்கு புகார் மட்டும் குடுக்கலாம்.

அந்த வெளி கம்பெனி விஷயம் சின்னதில்ல. அட்மிஷன் சிஸ்டத்துல இருக்குற உங்க பேரும் நம்பரும் ஐடி சிஸ்டத்துக்கு போகும், அங்க இருந்து டைனிங், லாண்டரி, பிரிண்டர், ஜிம், கதவுனு ஒவ்வொண்ணுக்கும் ஒரு காப்பி போகும். நீங்க படிப்ப முடிச்சுட்டு போனதும் நடு சிஸ்டத்துல உங்கள நிறுத்திடுவாங்க, இந்த எல்லா காப்பியும் அழிஞ்சுதானு யாராச்சும் உக்காந்து பாக்கணும். அதுக்கு ஆள் போடுற இடம் குறைவு. ஹாஸ்டல் ரூம் பூட்டுகள்ல சிலது நெட்வொர்க்லயே இருக்காது, ஒரு நாளைக்கு ஒரு தடவதான் சர்வரோட பேசும், நிறுத்தின ஐடி அது வரைக்கும் அந்தக் கதவ திறந்துட்டுதான் இருக்கும். செக்யூரிட்டி மீட்டிங்ல நான் விடாம பேசுற விஷயம் இது ரெண்டும்தான், புது ஆப்போட கலர் பத்தி ஒரு மணி நேரம் பேசுறவங்க இதுக்கு அஞ்சு நிமிஷம் குடுத்தா போதும்னு தோணும்.

உங்களுக்கு நான் சொல்றது, ஃபோன்லயே ஐடிய ஏத்திக்கோங்க. யூனிவர்சிட்டி ஆப் லொகேஷன் எப்பவும் வேணும்னு கேட்டா குடுக்காதீங்க, வாலட்ல இருக்குற ஐடிய டேப் பண்ண என்எஃப்சி (ரீடர் கிட்ட வெச்சாலே பேசுற ஃபோன் வசதி) போதும், லொகேஷன் தேவையில்ல. சில இடத்துல ப்ளூடூத்ல ஓடுற வேற மாதிரி ஆப் இருக்கும், அது என்ன கேக்குதுனு படிச்சுட்டு அனுமதி குடுங்க. ஃபோன்ல என்எஃப்சி இல்லைன்னா அத சொல்லி கார்டு கேளுங்க, பொதுவா குடுத்துடுவாங்க.

அப்புறம் கார்டு ஆஃபீஸுக்கு ஒரு மெயில் போடுங்க. கதவு லாக் எத்தன நாள் வெச்சிருப்பீங்க, யாரு யாரு பாக்கலாம், அட்டெண்டன்ஸுக்கோ படிப்ப விடுறவங்கள கணிக்கிறதுக்கோ பயன்படுத்துறீங்களானு மரியாதையா கேளுங்க. பயந்துக்காதீங்க, இதுக்கெல்லாம் விசாவுல கை வைக்க மாட்டாங்க, கேக்குறது உங்க உரிமை. பசங்ககிட்ட இருந்து இப்படி மெயில் வந்தாதான் என்ன மாதிரி உள்ள இருக்கறவங்க பாலிசிய மாத்தச் சொல்லி மேல பேச முடியும், மாணவர்கள் யாருமே கேக்கலையேனு சொல்லித்தான் அத தள்ளிப் போடுறாங்க. அட்மிஷன் கன்ஃபர்ம் ஆனதுமே அனுப்பிடுங்க, ஓரியண்டேஷன் வாரத்துல அனுப்பினா அந்தக் கூட்டத்துல உங்க மெயில யாரும் திறக்கக்கூட மாட்டாங்க.