புரோக்கர் எதுவானாலும் ஒரே மெசேஜ் இரண்டு முறை வரும்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஆர்டர் வாங்கும் இணையதளம் பிஹெச்பியிலும், கிடங்கு மென்பொருள் டாட்நெட்டிலும், கணக்கு மென்பொருள் பழைய ஜாவாவிலும் ஓடுகின்றன. ஆர்டர் விழும்போது இணையதளம் மற்ற இரண்டையும் ஏபிஐ வழியாக நேரடியாக அழைக்கிறது. கணக்கு சர்வர் படுத்தால் ஆர்டரும் படுத்துவிடுகிறது. விட்டுப்போனதை இரவில் சிஎஸ்வி கோப்பாக அனுப்பி ஒட்டுப்போடுகிறோம். நடுவில் ஒரு ஓப்பன் சோர்ஸ் மெசேஜ் புரோக்கரை (ஒரு மென்பொருளின் செய்தியை வாங்கி வைத்து மற்றொன்றுக்குக் கொடுக்கும் தரகர் மென்பொருளை) வைக்க முடிவு செய்திருக்கிறோம். நாளுக்குச் சுமார் 20,000 ஆர்டர்கள். குழுவில் பாதிப் பேர் காஃப்கா என்ற மென்பொருள்தான் வேண்டும் என்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: ராபிட்எம்க்யூ என்ற புரோக்கரை எடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன். ஆனால் உங்கள் உழைப்பில் பெரும்பகுதி புரோக்கரைத் தேர்ந்தெடுப்பதில் போகாது, அதன் இரண்டு முனைகளிலும்தான் போகும். அதற்கும் வருகிறேன்.

முதலில் அளவைப் பாருங்கள். நாளுக்கு 86,400 விநாடிகள். 20,000 ஆர்டர் என்றால் நான்கு விநாடிக்கு ஒன்று. உச்ச நேரத்தில் இருபது மடங்கானாலும் விநாடிக்கு ஐந்து. இந்த வேகத்துக்கு எந்தப் புரோக்கரும் மூச்சு வாங்காது. ஆகவே ‘காஃப்கா வேகமானது’ என்ற வாதம் உங்கள் விஷயத்தில் எடுபடாது.

காஃப்கா லிங்க்டின் நிறுவனத்துக்குள் பிறந்து 2011-இல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. அடிப்படையில் அது க்யூ (எடுத்து முடித்த மெசேஜ் நீங்கிவிடும் வரிசை) அல்ல, பதிவேடு. மெசேஜைப் படித்தாலும் அது அழியாது. இயல்பு அமைப்பில் 7 நாள் அப்படியே இருக்கும். யார் எதுவரை படித்தார்கள் என்ற கணக்கு மட்டும் நகரும். பழைய நிகழ்வுகளைத் திரும்ப ஓட்டிப் பார்க்கவும், ஒரே தரவைப் பத்துக் குழுக்கள் தங்கள் வேகத்தில் படிக்கவும் அது அருமை. உங்களுக்கு வேண்டியதோ ‘இந்த ஆர்டரைக் கணக்கில் ஏற்று, ஏறவில்லை என்றால் இதை மட்டும் தனியே எடுத்து வை’ என்பது. அதைக் காஃப்காவில் செய்ய முடியாது என்றில்லை, நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.

ராபிட்எம்க்யூ 2007-இல் வந்தது. அது முதலில் பேசிய ஏஎம்க்யூபி நெறிமுறை ஜேபி மார்கன் சேஸ் வங்கியில் உருவானது. விற்பனையாளருக்கு விற்பனையாளர் ஒத்துப்போகாத மென்பொருள்களைப் பேசவைக்க ஒரு பொது மொழி வேண்டும் என்பதே நோக்கம். மூன்று மொழிகளில் மூன்று மென்பொருள் வைத்திருக்கும் உங்கள் நிலையும் அதுதான். மூன்றுக்கும் நல்ல க்ளையன்ட் நூலகங்கள் (புரோக்கரோடு பேச உதவும் ஆயத்தக் கோடு) இருக்கின்றன. இணையதளம் ‘ஆர்டர் வந்தது’ என்று எக்ஸ்சேஞ்சில் (மெசேஜை வாங்கி உரிய க்யூக்களுக்குப் பிரித்தனுப்பும் பகுதியில்) ஒருமுறை போட்டால் போதும். கிடங்கு க்யூவுக்கு ஒரு பிரதி, கணக்கு க்யூவுக்கு ஒரு பிரதி தானாகப் போகும். கணக்கு சர்வர் இரண்டு மணி நேரம் தூங்கினால் மெசேஜ்கள் க்யூவில் காத்திருக்கும், ஆர்டர் நிற்காது. வீட்டுத் தரகர் இரு தரப்பையும் நேரில் சந்திக்க வைப்பார். இந்தத் தரகர் அவர்கள் சந்திக்காமலே வேலையை முடிப்பார்.

ஒரு விதிவிலக்கு. உங்கள் ஜாவா கணக்கு மென்பொருள் ஏற்கெனவே ஜேஎம்எஸ் (ஜாவா மென்பொருள்கள் மெசேஜ் பரிமாறும் பொது முறை) பேசுகிறது, அதன் கோடைத் தொட ஆளில்லை என்றால் ஆக்டிவ்எம்க்யூ ஆர்ட்டெமிஸ் என்ற புரோக்கரைப் பாருங்கள். அது ஜேஎம்எஸ்-உடன் ஏஎம்க்யூபி, ஸ்டாம்ப், எம்க்யூடிடி ஆகிய நெறிமுறைகள் எல்லாவற்றையும் பேசும். பழைய ஆக்டிவ்எம்க்யூ கிளாசிக் எங்காவது ஓடிக்கொண்டிருந்தால் அதன் பதிப்பை இன்றே பாருங்கள். 2023 அக்டோபரில் வெளியான பாதுகாப்பு ஓட்டை வழியாக வெளியாள் சர்வரிலேயே கட்டளை ஓட்ட முடிந்தது, 5.18 வரிசையில் 5.18.3-இல்தான் அது அடைபட்டது.

சரி, நிறுவியாகிவிட்டது என்று வையுங்கள். மெசேஜ் தொலையாமல் இருக்க மூன்று இடத்தில் கவனம் வேண்டும். புரோக்கரை நிறுத்தி மறுபடி ஓட்டினாலும் அழியாதபடி க்யூ நிலையானதாக இருக்க வேண்டும். மெசேஜும் டிஸ்க்கில் எழுதப்படும் வகையாக இருக்க வேண்டும். புரோக்கர் ‘வாங்கிக்கொண்டேன்’ என்று உறுதி சொல்லும்வரை அனுப்பியவர் காத்திருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். க்யூ வகையில் குவோரம் க்யூவை (மெசேஜைப் பல சர்வர்களில் பிரதி வைத்து, பெரும்பான்மை சர்வர்கள் இருக்கும்வரை ஓடும் வகையை) எடுங்கள், மூன்று சர்வரில். அதில் ஒன்று விழுந்தாலும் பெரும்பான்மை மிஞ்சும். இரண்டு சர்வரில் வைத்தால் ஒன்று விழுந்ததும் பெரும்பான்மை போய்விடும், செலவுதான் மிச்சம். இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் ‘மிரர்டு க்யூ’ அமைக்கச் சொல்லும். அது ராபிட்எம்க்யூ 4.0 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது.

இப்போது தலைப்புக்கு வருவோம். கணக்கு மென்பொருள் ஒரு மெசேஜை எடுத்து, ஆர்டரைப் பதிந்து, ‘முடித்துவிட்டேன்’ என்று புரோக்கருக்குச் சொல்லப் போகும் நொடியில் நெட்வொர்க் அறுந்தால்? புரோக்கருக்கு வேலை முடிந்தது தெரியாது. அதே மெசேஜை மறுபடி கொடுக்கும். இது பழுதல்ல, அப்படித்தான் செய்ய வேண்டும். இல்லையென்றால் மெசேஜ் தொலையும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதைக் கவனிக்காமல் விட்டு, ஒரே பில் இரண்டு முறை ஏறி, மாதக் கடைசியில் கணக்குப் பிரிவினரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். தீர்வு சிறியது. ஒவ்வொரு மெசேஜுக்கும் அனுப்புகிறவரே ஒரு தனி எண் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் அந்த எண்ணைத் தன் டேட்டாபேஸில் யூனிக் கீயாக (ஒரே எண்ணை இரண்டாம் முறை ஏறவிடாத அமைப்பாக), பில் ஏறும் அதே டிரான்சாக்‌ஷனில் எழுத வேண்டும். அப்போது இரண்டும் சேர்ந்தே பதியும், இல்லையேல் இரண்டுமே பதியாது. எண் ஏற்கெனவே இருந்தால் ‘முடிந்தது’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

அனுப்பும் முனையில் இதன் மறுபக்கம். இணையதளம் ஆர்டரைத் தன் டேட்டாபேஸில் எழுதிவிட்டு, மெசேஜ் அனுப்பும் முன் விழுந்தால் அந்த ஆர்டர் யாருக்கும் தெரியாது. மாற்றி, மெசேஜை முதலில் அனுப்பிவிட்டு ஆர்டரை எழுதும் முன் விழுந்தால், இல்லாத ஆர்டருக்குக் கிடங்கு பெட்டி கட்டும். இதற்கு அவுட்பாக்ஸ் முறை. ஆர்டர் டேபிளோடு ‘அனுப்ப வேண்டியவை’ என்று ஒரு டேபிள் வைத்து, இரண்டையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதுங்கள். தனியாக ஓடும் ஒரு சின்ன புரோகிராம் அந்த டேபிளைப் பார்த்துப் புரோக்கருக்கு அனுப்பட்டும். பிஹெச்பிக்கு இதில் இன்னொரு லாபம்: ஒவ்வொரு பக்க வேண்டுகோளுக்கும் புரோக்கரோடு புதிதாக இணைப்பு திறக்க வேண்டியதில்லை.

அப்புறம் கோளாறான மெசேஜ். தேதி தப்பாக வந்த ஓர் ஆர்டர் ஒவ்வொரு முறையும் பிழையாகி, திரும்ப க்யூவுக்குப் போய், திரும்ப வரும். 4.0 முதல் குவோரம் க்யூ இப்படி 20 முறைக்கு மேல் விடாது. ஆனால் டெட் லெட்டர் க்யூ (ஏற்க முடியாத மெசேஜ்கள் ஒதுங்கும் தனி க்யூ) அமைக்கவில்லை என்றால் அந்த மெசேஜ் சத்தமில்லாமல் குப்பைக்குப் போகும். அமைத்தால் மட்டும் போதாது, அதில் ஒன்று விழுந்தால் யாருக்காவது அலாரம் அடிக்க வேண்டும். யாரும் பார்க்காத டெட் லெட்டர் க்யூவும் குப்பைத்தொட்டிதான், மூடி மட்டும் அழகாக இருக்கும்.

சின்ன விஷயங்கள் சில. ப்ரீஃபெட்ச் அளவை (க்யூவிலிருந்து எடுத்து வேலை செய்யும் புரோகிராமான ஒரு வொர்க்கர், முடிக்காமல் கையில் வைத்திருக்கக்கூடிய மெசேஜ்களின் எண்ணிக்கையை) நீங்கள் கொடுக்காவிட்டால் வரம்பில்லை என்று பொருள். ஒரே வொர்க்கர் எல்லா மெசேஜையும் அள்ளிக்கொண்டு மற்றவர்களைச் சும்மா உட்காரவைக்கும். 20 அல்லது 30-இல் தொடங்குங்கள். வொர்க்கர்கள் பல என்றால் வரிசை மாறும். ‘ஆர்டர் ரத்து’ சில நேரம் ‘ஆர்டர் வந்தது’க்கு முன்னால் வந்து நிற்கும், அதற்கும் கோடில் இடம் வையுங்கள். பிடிஎஃப் பில்களை மெசேஜுக்குள் திணிக்காதீர்கள், கோப்பு இருக்கும் முகவரியை மட்டும் அனுப்புங்கள்.

உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் புதுப் பதிப்புக்கு மாற்றும் வேலை யாருடையது என்று ஒரு பெயரை இப்போதே எழுதிவையுங்கள்.

தொடக்கத்தில் இணையதளம்–கணக்கு இணைப்பை மட்டும் மாற்றுங்கள், கிடங்கு காத்திருக்கட்டும். இரவு சிஎஸ்வி கோப்பை உடனே நிறுத்திவிடாதீர்கள். அதைக் கணக்கில் ஏற்றாமல், க்யூ வழியாக ஏறியதோடு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் ஒரு மாதம் வைத்திருங்கள். ஒரு மாத முடிவு வேலைகளையும் தாண்டி வேறுபாடு பூஜ்யமாகவே இருந்தால், கிடங்கைத் தொடலாம்.