டம்ளர் நழுவிய அந்த இரண்டு நிமிடம்

தலைவலி, இமைத் துடிப்பு, மறதி எல்லாம் மூளைப் புற்றுநோயோ என்று பயந்து கடிதம் எழுதியிருக்கிறீர்கள். எட்டு வருடமாக வந்து வந்து போகும் உங்கள் தலைவலி மூளைப் புற்றுநோய் அல்ல. ஒரு பக்கமாகத் தெறிக்கிறது, வெளிச்சம் பட்டால் கூசுகிறது, இருட்டறையில் படுத்தால் அடங்குகிறது, அம்மாவுக்கும் இப்படியே இருந்தது என்கிறீர்கள். இது ஒற்றைத் தலைவலி. கட்டியால் வரும் வலி வாரத்துக்கு வாரம் கூடலாம், விடியற்காலையில் எழுப்பலாம், இருமினால் அதிகமாகலாம். இமை துடிப்பது பெரும்பாலும் தூக்கக் குறைவால்தான். சாவி வைத்த இடம் மறப்பது 46 வயதில் எல்லோருக்கும் உண்டு.

சரி, உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். போன மாதம் டீ குடிக்கும்போது இடது கை விரல்கள் தானாக வெட்டி வெட்டி இழுத்து, துடிப்பு முழங்கை வரை ஏறி, டம்ளர் நழுவி விழுந்தது. இரண்டு நிமிடத்தில் நின்றது. நரம்புத் தளர்ச்சி என்று நீங்களே முடிவுகட்டி, கடையில் சத்து மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை இதில்தான். வலிப்பு என்றால் கீழே விழுந்து நுரை தள்ளியே ஆக வேண்டும் என்றில்லை. மூளையில் சிறு இடம் மட்டும் தூண்டப்பட்டால், அந்த இடம் ஆளும் கையோ முகமோ மட்டும் துடிக்கும், நினைவும் தப்பாது. பெரியவர்களுக்கு இது முதல்முறை வந்தால் காரணம் கண்டுபிடிக்காமல் விடவே கூடாது.

மூளைக்கட்டியாக இருக்கலாம். நம் நாட்டில் காசநோய்க் கட்டியோ, நாடாப்புழு முட்டை உணவோடு உள்ளே போய் மூளையில் தங்கிய நீர்க்கட்டியோகூட இப்படிச் செய்யும். சைவம் சாப்பிடுபவர்களுக்கும் அந்த நீர்க்கட்டி வரும். காசநோய்க் கட்டி, நீர்க்கட்டி இரண்டும் பெரும்பாலும் மருந்திலேயே குணமாகும். எது என்பதை நெட்டில் ராத்திரியெல்லாம் தேடினாலும் தெரியாது. இந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். சாயம் செலுத்தி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொல்வார், மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் வேண்டியிருக்கும். அதுவரை பைக் வேண்டாம், கிணற்றுக் குளியல் வேண்டாம். இடது காலில் செருப்பு உங்களுக்கே தெரியாமல் கழன்றுபோனால், காலும் பலவீனமாகிறது என்று அர்த்தம்; அன்றைக்கே கிளம்புங்கள். துடிப்பு ஐந்து நிமிடம் தாண்டினாலோ நினைவு தப்பினாலோ 108-ஐ அழைக்க வேண்டும். கையில் இரும்புச் சாவி திணிக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும்.

அப்புறம், மாதம் இருபது நாள் வலி மாத்திரை போடுகிறீர்களே, மாதத்தில் பதினைந்து நாளுக்கு மேல் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அட்டைகளை எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றே சொல்லிவிடுங்கள். மறுபடி வந்தால் எங்கே ஆரம்பித்தது, எத்தனை நிமிடம் நீடித்தது என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.