பழைய விளையாட்டுக்குப் புது மெருகு தேவையா?

கேள்வி: பழைய சாகச விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓடச்செய்யும் ஸ்கம்விஎம் போன்ற மென்பொருள்கள், படத்தை மெருகேற்றும் வசதிகளை முதலிலேயே இயக்கிவைத்துத் தந்தால் என்ன?

பதில்: அது எந்த வசதி என்பதைப் பொறுத்தது. 1980களின் இறுதியில் வந்த சியரா நிறுவனத்து விளையாட்டுகள் 320க்கு 200 புள்ளிகள் கொண்ட படமாக 4:3 திரையை நிரப்பியதால், ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் உயரத்துடன் தெரிந்தது. சதுரப் புள்ளிகள் கொண்ட இன்றைய திரையில் அப்படியே காட்டினால் ஆட்கள் குள்ளமாகிவிடுவார்கள். எனவே, படத்தை 240 வரிகளுக்கு நீட்டுவதை மெருகு என்பதைவிடத் திருத்தம் என்பதே பொருந்தும். அது தானாகவே நடக்கட்டும்.

நிறக்கலப்பு வேறு கதை. 16 நிறங்களே காட்டிய இஜிஏ என்ற அக்காலக் கணினிப் பட அட்டைக்காக, நீலப் புள்ளியையும் வெள்ளைப் புள்ளியையும் சதுரங்கக் கட்டம்போல் மாற்றிமாற்றி வைத்து, இல்லாத ஒரு வெளிர்நீலத்தை ஓவியர்கள் வரவழைத்தார்கள். அவற்றை ஒரே நிறமாகக் குழைத்துவிடும் வசதியும் ஸ்கம்விஎம்மில் இருக்கிறது. வானம் அழகாகத்தான் ஆகிறது, ஆனால் அந்த அட்டையால் காட்டவே முடியாத வானம் அது. பழைய குழாய்த்திரையே புள்ளிகளைச் சற்று மங்கலாக்கியது என்ற வாதத்தில் (சற்றுதான்!) நியாயம் உண்டு. இருந்தும், புதிதாக விளையாடுவோரில் பலர் அமைப்புகளைத் திறந்தே பார்ப்பதில்லை என்பதால், இதை அணைத்துவைத்து, வேண்டுபவர் இயக்கிக்கொள்ள விடுவதே முறை என்பேன்.