மானியம் நின்ற பிறகும் டெலிமெடிசின் மையம் நடக்க வேண்டுமானால்

கேள்வி: கிராமப்புறத்தில் டெலிமெடிசின் சேவை தொடங்க நினைக்கிறேன். அது தொடர்ந்து தன் காலில் நிற்க வருமானத்தை எப்படித் திட்டமிடுவது?

ஒரு செயலி, நான்கைந்து மருத்துவர்கள், ஆலோசனைக்கு ஒரு கட்டணம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள் என நினைக்கிறேன். நானும் அப்படித்தான் போட்டேன்.

2021இல் ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியைக் கொண்டு, தேனி மாவட்டக் கிராமம் ஒன்றில் மையம் திறந்தோம். இலவசமாக இருந்தவரை திண்ணையில் இடமில்லை. நிதி நின்று 100 ரூபாய் வாங்கத் தொடங்கியதும் நாளுக்கு மூன்று பேர் வருவதே அரிதாயிற்று. கேமராவுக்கும் திறப்பு விழாவுக்கும் தாராளமாகத் தந்தவர்கள், செவிலியரின் சம்பளத்துக்குக் கேட்டபோது கடிதத்துக்குக்கூடப் பதில் தரவில்லை என்பது இன்றும் ஆறாத வருத்தம். மக்களை நான் குறை சொல்ல மாட்டேன். அரசின் இ-சஞ்சீவனியில் மருத்துவரோடு கட்டணமின்றிப் பேசலாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரையும் இலவசம் என்றிருக்கும்போது, திரையில் பேசுவதற்கு மட்டும் யார் காசு கொடுப்பார்கள்?

வழி எங்கள் மாவட்டத்திலேயே இருந்தது. அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்களில் பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணைப் பரிசோதித்து, தொலைவிலுள்ள மருத்துவரிடம் காட்டி, தேவைப்பட்டால் அங்கேயே கண்ணாடியும் கொடுக்கிறார்கள். சிறு கட்டணத்தோடு கண்ணாடி விற்பனையும் சேர்ந்தே அந்த மையங்களைத் தாங்குகிறது.

நாங்கள் சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகளின் மாதாந்திரப் பரிசோதனைக்கு மாறினோம். செவிலியர் சர்க்கரையும் அழுத்தமும் பார்ப்பார். பிறகு மருத்துவர் காணொளியில் பேசுவார். எல்லாம் சேர்த்து 200 ரூபாய். மதுரைக்குப் போனால் பேருந்துக் கட்டணத்தோடு ஒரு நாள் கூலியும் போகும் என்பதால் இதை யாரும் அதிகமென்று சொல்லவில்லை. ஏழைகளிடம் காசு பிடுங்குவதாகச் சிலர் சொல்லக்கூடும். இயலாதவர்களிடம் நாங்கள் வாங்கியதில்லை, ஆய்வகங்களிடமிருந்து கமிஷனும் பெற்றதில்லை.

மாதச் செலவு இதுதான்: செவிலியருக்கு 12,000, வாடகை 3,000, மின்சாரமும் இணையமும் 1,500, மருத்துவருக்கு மூன்று மணி நேர அமர்வு ஒன்றுக்கு 1,500 வீதம் எட்டு அமர்வுகளுக்கு 12,000, ஆக மொத்தம் 28,500 ரூபாய். பரிசோதனைப் பட்டைக்கும் பிறவற்றுக்கும் 50 போக ஒருவரிடம் 150 மிஞ்சும். மாதம் 190 பேர் வந்தால் கையைக் கடிக்காது. தலைக்கு இவ்வளவு என்று பேசியிருந்தபோது கூட்டம் குறைந்த நாளில் மருத்துவர் இணைப்பிலேயே வராமல் போனார். அமர்வுக்கு இவ்வளவு என்று மாற்றிய பிறகுதான் நேரம் தவறவில்லை.

இன்னொன்றையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்களின்படி, அதே மருத்துவர் அதே நோய்க்கு நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள் இருந்தால்தான் அது தொடர் ஆலோசனையாகக் கொள்ளப்படும். அப்போது அவர் எழுதக்கூடிய மருந்துகளும் கூடுதல். ஆகவே ஆண்டுக்கு இரண்டு முறை மருத்துவரைக் கிராமத்துக்கே அழைத்துவரும் வண்டிச் செலவை, முதல் மாதத்திலிருந்தே ஒதுக்கி வையுங்கள்.