வேலூரில் தனியாகச் சுற்றுகிறேன், இரண்டு நாளாக யாரும் பேசவில்லை – பதில்

இரண்டு நாளாகக் கோட்டைப் பக்கமே சுற்றியும் யாரும் பேசவில்லை என்கிறீர்கள். நாளைக் காலை கோட்டையை விட்டுவிட்டு, சிஎம்சி மருத்துவமனைக்கு எதிரே காந்தி ரோட்டுப் பக்கம் போய் ஒரு டீக்கடையில் உட்காருங்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்த இடம்தான் காரணம் என்று நினைக்கிறேன். கோட்டைக்கு வருபவர்கள் குடும்பமாகவோ ஜோடியாகவோ வருகிறார்கள். அகழியைப் பார்த்து, ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தனியாளிடம் பேச அவர்களுக்கு என்ன அவசியம்?

காந்தி ரோடு வேறு மாதிரி. கொல்கத்தா, ஜார்க்கண்ட், வடகிழக்கிலிருந்து சிஎம்சியில் சிகிச்சைக்காக ஒரு நாளுக்கு மேல் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கியவர்கள், பரிசோதனை முடிவுக்காக லாட்ஜில் வாரக்கணக்கில் தங்கியிருப்பார்கள். பலர் அறையிலேயே சமைக்கிறார்கள். கடைப் பலகைகளில் வங்காள எழுத்தைப் பார்க்கலாம். காத்திருப்பவர்களிடம் நேரம் இருக்கிறது, அப்புறம் ஊர் ஞாபகமும். முன்பின் தெரியாதவருக்கு மருத்துவமனையில் எந்த கவுண்டருக்குப் போக வேண்டும் என்று வழிசொல்லி, கூடவே நடந்தும் போவார்கள்.

செய்து பாருங்கள்: போனைப் பைக்குள் போட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் "இங்கே மீன் சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும்?" என்று கேளுங்கள். வங்காளிகளிடம் மீனைப் பற்றிக் கேட்டால் பேச்சு லேசில் நிற்காது! அரைகுறை இந்தியே போதும்.

ஒன்று மட்டும்: நோயைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், வைத்தியம் சொல்ல வேண்டாம், படமும் எடுக்க வேண்டாம். சிகிச்சைக்கென்று காசு கேட்டு வருபவரும் உண்டு, பணிவாக மறுத்துவிடலாம்.