கேம்பிரிட்ஜில் எம்ஃபில் சேரப் போகிறேன். நடன விருந்துகளுக்கு நன்றாக உடுத்திக்கொண்டு போகச் சந்தர்ப்பம் கிடைக்குமா? நீள கவுன் வாங்க வேண்டுமா, பட்டுப்புடவை போதுமா?

கிடைக்கும், நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே. கவுன் வாங்க வேண்டாம், புடவை தாராளமாகப் போதும். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நானும் அங்கே எம்ஃபில் படித்தவள் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

எல்லாரும் கேட்பது 'மே பால்' (May Ball) என்று கல்லூரிகள் நடத்தும் நடன விருந்து பற்றித்தான். பெயரில்தான் மே, நடப்பது ஜூன் மாதம் தேர்வு முடிந்த பிறகு. ராத்திரி ஒன்பது மணி வாக்கில் தொடங்கி விடிய விடிய நடக்கும். ஆண்கள் கறுப்பு கோட்டு, போ டை. பெண்கள் தரையைத் தொடும் உடை. நடனம் என்றதும் நீங்கள் ஜோடி ஜோடியாகச் சுழலும் வால்ட்ஸைக் கற்பனை செய்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். உண்மையில் அது கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு போகிற தீவுத்திடல் பொருட்காட்சி. ராட்டினம், டேஷிங் கார், ஒரு மூலையில் ஜாஸ், இன்னொரு கூடாரத்தில் டிஜே, எல்லாரும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஆடும் சைலண்ட் டிஸ்கோ, நடுவில் வாணவேடிக்கை. டிக்கெட்டுக்குள்ளேயே சாப்பாடும் குடியும் அடக்கம். கடைசிவரை தாக்குப்பிடித்தவர்களை விடிந்ததும் நிற்கவைத்துக் கூட்டமாக ஒரு போட்டோ எடுப்பார்கள். டிரினிட்டி கல்லூரி இதை 1866 முதல் நடத்துகிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். அவர்களுடைய வாணவேடிக்கையைப் பார்க்க, டிக்கெட் இல்லாதவர்கள் ஆற்றில் படகை நிறுத்திக்கொண்டு காத்திருப்பதே தனித் திருவிழா. அதற்கு உடை விதி எதுவும் கிடையாது, ஸ்வெட்டர் மட்டும் போதும்.

விலைதான் வயிற்றைக் கலக்கும். பெரும்பாலும் 150 பவுண்டுக்கு மேல், பெரிய கல்லூரிகளில் 200ஐயும் தாண்டிவிடும். உதவித்தொகையில் படிப்பவர்களுக்கு இது சும்மா விஷயமில்லை. மூன்று வழிகள் தெரியும். சில கல்லூரிகள் வசதி குறைந்த மாணவர்களுக்குச் சலுகை டிக்கெட் தருகின்றன, கூச்சப்படாமல் கேளுங்கள். அப்புறம், பாதி ராத்திரி வேலை பார்த்துவிட்டு மீதி ராத்திரி விருந்தாளியாகச் சுற்றலாம் என்றொரு ஏற்பாடு சில இடங்களில் உண்டு. இல்லையென்றால் 'ஜூன் ஈவன்ட்' என்று சிறிய கல்லூரிகள் நடத்துவதற்குப் போங்கள். விலை குறைவு, சீக்கிரம் முடிந்துவிடும், என்னைக் கேட்டால் அதில்தான் கூட்டாளிகளோடு நிம்மதியாகப் பேச முடிகிறது. பெரிய பாலுக்குத்தான் போவேன் என்றால் ஒரு தடவை போய்ப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பல இடங்களில் டிக்கெட் ஜனவரி, பிப்ரவரியிலேயே விற்றுத் தீர்ந்துவிடும், அதை மட்டும் மனதில் வையுங்கள்.

ஆனால் உடுத்திக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்கு உண்மையான சந்தர்ப்பம் 'ஃபார்மல் ஹால்'தான், இதை ஏனோ யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. கல்லூரி உணவுக்கூடத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மூன்று வகை பரிமாறும் இரவு விருந்து, தொடங்கும் முன் லத்தீனில் ஒரு சிறு பிரார்த்தனை. பருவம் நடக்கும் காலத்தில் பல கல்லூரிகளில் வாரத்துக்கு ஒன்றாவது இருக்கும், விலையும் வெளியே ஹோட்டலில் சாப்பிடுவதைவிடக் குறைவாகத்தான் வரும். பல்கலைக்கழகத்தில் மொத்தம் 31 கல்லூரிகள், நண்பர்கள் மாற்றி மாற்றி அழைத்துப் போவார்கள். நவம்பர் கடைசியில், பருவம் முடிந்து எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள் என்பதற்காகக் கிறிஸ்துமஸை முன்கூட்டியே 'பிரிட்ஜ்மஸ்' என்று கொண்டாடும் விருந்துகள் வேறு. ஜனவரி 25ஐ ஒட்டி ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் நினைவாகக் கொண்டாடும் பர்ன்ஸ் நைட் வரும், அதில் சில இடங்களில் 'கெய்லி' (ceilidh) என்ற கூட்டு நடனமும் இருக்கும். ஒருவர் மைக்கில் அடவு சொல்லச் சொல்ல எல்லாரும் கைகோத்து ஓடுவார்கள். தெரியாதவர்கள்தான் பாதிப் பேர், தைரியமாக இறங்கலாம். வால்ட்ஸ் கற்றே தீர வேண்டும் என்றால் கேம்பிரிட்ஜ் டான்சர்ஸ் கிளப்பில் ஆரம்ப வகுப்பிலிருந்தே சொல்லித் தருகிறார்கள், ஜோடி இல்லாமல் தனியாகவும் போகலாம்.

சரி, புடவைக்கு வருவோம். நிறைய அழைப்பிதழ்களில் தேசிய உடையும் ஏற்கப்படும் என்று போட்டிருப்பார்கள், ஸ்காட்லாந்துப் பையன்கள் கில்ட் என்ற கட்டம் போட்ட பாவாடையில் வருவார்கள், அதே கணக்கில் நம்முடையதும் சேரும். கனமான காஞ்சிபுரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு சாஃப்ட் சில்க் இரண்டு எடுத்துப் போங்கள். முந்தானையை மடிப்பு வைத்துப் பின் குத்திவிடுங்கள், ஃபார்மலுக்குப் பல கல்லூரிகளில் மேலே கறுப்பு அங்கி போட வேண்டும், உள்ளே ஒற்றை முந்தானை விட்டால் சுருட்டிக்கொண்டு போகும். அந்த அங்கியைப் புதிதாக வாங்காதீர்கள், சீனியர்களிடம் பழையது கிடைக்கும். ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம். மே பால் நடப்பது ஈரப் புல்தரையில், குதிகால் மண்ணுக்குள் இறங்கும். கொசுவத்தை இரண்டு விரற்கடை உயர்த்திக் கட்டினால் டேஷிங் காரிலும் ஏறலாம். ஜூன் என்று நம்பி ஏமாறாதீர்கள், அதிகாலை மூன்று மணிக்குப் பத்து டிகிரி பக்கம் இறங்கிவிடும், ஒரு நல்ல சால்வையும் ரவிக்கைக்குள் ஒரு தெர்மலும் இருந்தால் விடியும்வரை தாங்கும். எல்லாரும் சைக்கிளில் பறக்கும் ஊர் அது, புடவை கட்டிய அன்று மட்டும் நடந்து போங்கள்.

உங்களோடு வரும் பையன்களுக்கும் ஒரு வார்த்தை: கழுத்துவரை மூடிய கறுப்பு பந்த்கலா கோட்டு ஒன்று இருந்தால் டை கட்டும் கவலையே இல்லை. பட்டு வேட்டிதான் என்றால் விழாக் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள். மாட்லின் (Magdalene) கல்லூரியின் மே பாலுக்கு அழைத்தால் மட்டும் முதலிலேயே விசாரியுங்கள், அங்கே 'வெள்ளை டை', அதாவது பின்னால் வால் தொங்கும் கோட்டு, வெள்ளை வெய்ஸ்ட்கோட் எல்லாம் வேண்டும். ஒரு ராத்திரிக்காக அதை விலைக்கு வாங்குவது பைத்தியக்காரத்தனம், வாடகைக்கே எடுக்கலாம். சாதாரணக் கறுப்பு கோட்டு என்றால் பர்லி ஸ்ட்ரீட்டில் பழைய துணிமணி மலிவாக விற்கும் சாரிட்டி கடைகள் வரிசையாக உண்டு, அங்கே முதலில் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். மே மாதம் வந்துவிட்டால் நல்ல அளவுகளை எல்லாரும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், அதனால் பிப்ரவரியிலேயே போய்விடுவது நல்லது.