'ஐயாம் குட்' என்றால் காபி வேண்டுமா, வேண்டாமா?

விருந்தினரிடம் "மோர் காபி?" என்றேன். "ஐயாம் குட்" என்றார். ஊற்றுவதா, வேண்டாமா?

ஊற்றாதீர்கள். 'போதும், வேண்டாம்' என்பதன் நாசூக்கு அது. வேண்டுமென்றால் "யெஸ், ப்ளீஸ்" என்றிருப்பார்.

"டிட்ன்ட் யூ கெட் தி மெயில்?" என்று கிளையன்ட் கேட்டார். வரவில்லை என்பதற்காக "யெஸ்" என்றேன். வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் வழுக்கும் இடம் இதுதான். "மெயில் வரலையா?" என்றால் "ஆமா, வரலை" என்போம், கேட்டவர் நினைத்தது சரி என்பதற்கான 'ஆமா' அது. ஆங்கில யெஸ், நோ இரண்டும் கேட்டவரின் நினைப்பைச் சட்டை செய்வதில்லை. நடந்ததா இல்லையா என்பதே கணக்கு. வந்திருந்தால் "யெஸ், ஐ டிட்". வராவிட்டால் "நோ, ஐ டிட்ன்ட்". கேள்வி "டிட் யூ" என்று தொடங்கினாலும் "டிட்ன்ட் யூ" என்று தொடங்கினாலும் பதில் இதேதான். வெறும் யெஸ், நோவோடு நிறுத்தாமல் அந்த வாலையும் சேர்த்துச் சொல்லுங்கள். போனில் பேசும்போது கட்டாயம் சொல்லுங்கள்.

"டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" என்பதும் இதே வகை. 'மைண்ட்' இங்கே ஆட்சேபம். "நோ, நாட் அட் ஆல்" என்றால் தாராளமாக உட்காரலாம். "யெஸ்" என்று மட்டும் சொன்னால் எதிரே இருப்பவர் திகைத்து நிற்பார். குழப்பமாக இருந்தால் "கோ அஹெட்" போதும்.

டிராஃபிக்கைப் பற்றிப் புலம்பினேன். நண்பர் "டெல் மீ அபௌட் இட்" என்றார். விவரமாகச் சொன்னால் சிரிக்கிறார்!

'எனக்குத் தெரியாதா என்ன, நானும்தானே மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்' என்கிறார். இந்தப் பொருளில் அழுத்தம் 'டெல்' மேல் விழும். சொல்லச் சொல்லி நிஜமாகவே கேட்கிறவர் பேச்சில் 'அபௌட்' எழும்பும்.

லண்டனில் பார்க்கிறவர்களெல்லாம் "யூ ஆல்ரைட்?" என்கிறார்கள். என் முகம் வாடியா இருக்கிறது?

இல்லை, அது அங்கே வணக்கம் மாதிரி. "யா, யூ?" என்று நடந்துகொண்டே சொல்லலாம், தலைவலிக் கதை வேண்டாம். அமெரிக்கர் அதையே கேட்டால் உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று கவலைப்படுகிறார்.

'தேங்க்ஸ்' சொன்னால் "மென்ஷன் நாட்" சரியா?

இந்தியாவுக்குள் செல்லும். வெளியே "யூ ஆர் வெல்கம்", "நோ ப்ராப்ளம்". ஆஸ்திரேலியாவில் "நோ வொரீஸ்".

மேனேஜர் என் அறிக்கையை "கொய்ட் குட்" என்றார். பாராட்டுதானே?

அமெரிக்கர் என்றால் மகிழலாம்: 'ரொம்ப நல்லா இருக்கு'. பிரிட்டிஷ்காரர் என்றால், அதுவும் 'கொய்ட்'டை இழுத்து அழுத்தினால், 'பரவாயில்லை' ரகம். அடுத்து ஒரு 'பட்' வருகிறதா பாருங்கள்.